அங்கன்வாடிக்கு இன்னொரு டீச்சர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். என் பேத்திக்கு மூன்றரை வயது. அங்கன்வாடியில் சேர்த்த முதல் வாரம், டீச்சர் அவளை முன்னால் நிறுத்திப் பேர் கேட்டுவிட்டு, "பற மோளே, பற" என்றிருக்கிறார். இவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடியிருக்கிறாள்! மலையாளத்தில் 'பற' என்றால் 'சொல்லு'. எங்கள் வீட்டில் பற என்றால் பறப்பதுதான். டீச்சரே சிரித்துக்கொண்டு இதை என்னிடம் சொன்னார், நானும் சிரித்தேன். ஆனால் தமிழ் மீடியத்தில் பல வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். ஜூன் மாதம் வந்தால் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். நல்லவர். காலையில் எடை பார்க்க வேண்டும், அதை ஃபோனில் ஏற்ற வேண்டும், கைக்குழந்தைக்காரர்களுக்கு அமிர்தம் பொடி என்ற சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகள் கணக்கு, தடுப்பூசி நாள். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் அதிலும் சிலரை இழுத்துவிடுகிறார்கள். ஹெல்பர் சமையலில் இருப்பார். இதற்கு நடுவில் பாட்டும் கதையும் எந்த நேரத்தில் சொல்லிக் கொடுப்பது?

தமிழ்நாட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் செய்த ஆய்வு அது. 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியில் மட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே அரை நாளுக்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள். சொல்லிக் கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று: அங்கே ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. பழைய டீச்சருக்கு அந்த வேலையைப் பார்க்க நேரம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, பணம்? அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அரை நூற்றாண்டு ஆன பிறகும் டீச்சருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்'. அதற்கு ஒன்றிய அரசு 2018 இல் வைத்த கணக்கு மாதம் 4,500 ரூபாய். மாநில அரசு மேலே சேர்த்துத்தான் கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஒரு குழந்தையின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 2017 இல் ஒன்றிய அரசு நிர்ணயித்தது 8 ரூபாய். எங்கள் பக்கம் ஒரு டீ கூட அந்தக் காசுக்கு வராது. 2025 இல் ஒரு வாண்டு உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று கேட்ட வீடியோ பரவி, கேரள அங்கன்வாடிகளின் மெனுவே மாறியது. நல்ல காரியம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தனக்கு இன்னொரு டீச்சர் வேண்டும் என்று கேட்கத் தெரியாதே!

இதே மாநிலம் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியது. அப்படி ஒரு வேகத்தை அங்கன்வாடிக்கு யாரும் காட்டி நான் பார்க்கவில்லை.

எல்லைப் பகுதிக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதல். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி வேண்டும் என்று சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு, தொடக்கக் கல்வியைத்தான் சொல்கிறது. கட்டாயக் கல்விச் சட்டமும் ஆறு வயதில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளை எந்த மொழியில் பேசினால் என்ன என்று விட்டுவிட்டார்கள். மலையாளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் வாழ அது வேண்டும், பிள்ளைகள் எப்படியும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் முதல் கதையாவது வீட்டு மொழியில் காதில் விழ வேண்டாமா?

சித்தூர், தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை. இந்த நாலு தாலூகாவிலும் தமிழ்க் குழந்தைகள் வரும் அங்கன்வாடிகளில் முதலில் ஆரம்பிக்கட்டும். அரை நாளுக்கு, தமிழ் தெரிந்த ஒரு டீச்சர் போதும். ஆளுக்கா பஞ்சம்? எங்கள் தெருவிலேயே பிளஸ் டூ முடித்த பெண்கள் காலை பஸ்ஸில் பொள்ளாச்சித் துணிக்கடைகளுக்குப் போய், இருட்டிய பிறகுதான் திரும்பி வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒன்றாம் வகுப்பு டீச்சர்,
சித்தூர் தாலூகா, பாலக்காடு மாவட்டம்.