பி.பி. பார்க்கும் கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அக்கா ஒருவர் வருகிறார். வெயிலோ மழையோ, திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்கு பி.பி. பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது, இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். இன்றுவரை வருகிறார். அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இருப்பது அவரால்தான். அந்த நன்றியோடுதான் ஒன்று கேட்க வந்திருக்கிறேன்.

பி.பி. பார்க்க அவர் பட்டை சுற்றுகிற அம்மாவின் வலது கையில், மணிக்கட்டு லேசாகக் கோணி இருக்கும். 2019 மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போட இறங்கும்போது அம்மா வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். அப்போது வயது 61. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, "எலும்பு கூடிடுச்சும்மா, இனி வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

2023-ல் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவர் வாசற்படியில் கால் இடறி விழுந்தார். போய்ப் பார்த்தால் இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்பு எலும்பு போய்விட்டது.

அதன் பிறகுதான் எலும்புத் தேய்வு, ஆஸ்டியோபோரோசிஸ் என்ற சொற்களையெல்லாம் கேள்விப்பட்டேன். எலும்பின் அடர்த்தி குறைந்து, உள்ளே கரையான் அரித்த மரம் போல ஆவது. வெளியே எதுவும் தெரியாது, வலிக்காது. முறிகிறபோதுதான் தெரியும். 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மிச்ச ஆயுளில் இப்படி ஒரு முறிவு வரும் என்பது உலக அளவிலான கணக்கு. நம் நாட்டில் ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் 2009-ல் எண்ணிப் பார்த்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 129 பேருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. ஆண்களில் 105, பெண்களில் 159. பெண்கள் அதிகம்தான். ஆனால் ஆண்களின் எண்ணிக்கையையும் பாருங்கள், ஒதுக்கிவிட்டுப் போகிற எண்ணிக்கையா அது?

ஆண்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இரண்டாவதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அப்பாதான். அவருக்கு இழுப்பு உண்டு. பல வருஷமாக, எலும்பைப் பலவீனமாக்கக்கூடிய ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார், முதுகில் சுளீரென்று பிடித்தது. சுளுக்கு என்று சொல்லி, சுளுக்கு வழிக்கிறவரிடம் அழைத்துப் போனோம். அவர் எண்ணெய் போட்டு நன்றாக அழுத்தி வழித்தார். உடைந்த முதுகெலும்பின் மேல்! இதை எழுதும்போது இன்றும் என் கை நடுங்குகிறது. அம்மாவின் விஷயத்துக்குப் பிறகு சந்தேகப்பட்டு எக்ஸ்ரே எடுத்தபோதுதான், இரண்டு எலும்புகள் ஆப்பு மாதிரி நசுங்கியிருப்பது தெரிந்தது. கூன் விழுந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது முறிவைத்தான். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிக் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. இது பெண்களின் நோய் என்ற நினைப்பால் ஆண்களை யாரும் சோதிப்பதுகூட இல்லை. இத்தனைக்கும் இடுப்பு முறிந்த பிறகு ஒரு வருடத்துக்குள் இறப்பது பெண்களைவிட ஆண்களே அதிகம்.

இறப்பு என்று எழுதிவிட்டேன். துக்க வீடுகளில் கேட்டிருப்பீர்கள்: "நல்லாத்தான் இருந்தாங்க. ஒரு நாள் விழுந்தாங்க, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை." எங்கள் தெருவிலேயே மூன்று பேரைப் பற்றி அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேல், ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறார்கள். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வருகிறது, காலில் இரத்தம் உறைகிறது, படுக்கைப் புண் சீழ் வைக்கிறது. இறப்புச் சான்றிதழில் நிமோனியா இருக்கும், மாரடைப்பு இருக்கும். வாசற்படி இருக்காது.

அம்மா பிழைத்தார். ஆனால் அறுவை சிகிச்சை நடக்க ஆறு நாள் ஆயிற்று. ஒரு மருத்துவமனையில் ஃபிட்னஸ் வரவில்லை என்றார்கள், அப்புறம் எக்கோ என்றார்கள், பிறகு தியேட்டர் கிடைக்கவில்லை. அதுவரை காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புரண்டு படுக்க முடியாமல் அம்மா கிடந்த ஆறு ராத்திரியும் நான் தூங்கவில்லை. பார்க்க வந்த உறவினர்களில் பாதிப் பேர், "பேசாம புத்தூர் கட்டு போட்டுடலாம்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாகக் கை கால் முறிந்தால் ஆந்திராவின் புத்தூருக்குப் போன மக்கள் நாம். ஆனால் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் அதன் பந்து முனைக்குப் போகிற இரத்த ஓட்டமே அறுந்துபோகலாம். அதைக் கட்டுப் போட்டுக் கூட வைப்பது ரொம்பக் கடினம் என்று சொல்ல அந்த வார்டில் யாருக்கும் நேரமில்லை.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது, 2021 டிசம்பர் முதல். அந்த நேரத்தின் அருமை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இடுப்பு முறிந்த முதியவருக்கு அறுவை சிகிச்சை செய்யவும் கிட்டத்தட்ட அதே 48 மணி நேரம்தான். இங்கிலாந்தில் 36 மணி நேரம் என்று இலக்கு வைத்து, 2007 முதல் இடுப்பு முறிவுகளைத் தேசியப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். வீட்டு வாசலில் விழுந்த ஒரு பாட்டிக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நம் அரசு மருத்துவமனைகளில் ஒரு விதியாக ஆக்கினால் என்ன?

ஆனால் நான் முக்கியமாகக் கேட்பது அதற்கும் முந்தைய விஷயம். அம்மாவுக்கு 2019-ல் ஒரு எச்சரிக்கை வந்தது. சின்ன விழுகையில் ஒருமுறை எலும்பு முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மணிக்கட்டு அறுபதில் முறியும், முதுகெலும்பு அடுத்து, இடுப்பு எழுபது எண்பதில். இந்த வரிசை மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1990களின் கடைசியிலேயே இதற்கென்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் எலும்பு முறிந்து வந்தால், ஒரு செவிலியர் அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, கட்டுப் பிரித்த பிறகும் விடாமல் பின்தொடர்ந்து, எலும்பைச் சோதித்து, மருந்து தொடங்க வைப்பார். அவ்வளவுதான். பெரிய கட்டடமோ பெரிய இயந்திரமோ அதன் மையம் இல்லை. பெயரைக் குறித்துக்கொண்டு பின்தொடரும் ஓர் ஆள்தான்.

வீடு வீடாகப் பின்தொடரும் ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்! அந்த அக்காவின் பதிவேட்டில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: "50 வயசுக்கு மேல சும்மா விழுந்து எலும்பு முறிஞ்சிருக்கா?" கூடவே, இளவயதில் இருந்த உயரத்தைவிட நான்கு செ.மீ. குறைந்திருக்கிறார்களா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்களா, கடந்த ஒரு வருடத்தில் விழுந்தார்களா என்பதையும் கேட்கலாம். ஆம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு. இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது.

எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எல்லா ஊரிலும் இல்லையே என்று சொல்வீர்கள். உண்மைதான், நாங்களும் அலைந்தோம். ஆனால் இடுப்போ முதுகெலும்போ ஏற்கெனவே முறிந்தவருக்கு ஸ்கேனுக்காகக் காத்திருக்காமலே மருந்து தொடங்கலாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை, விலை அதிகமில்லை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். சோலெட்ரோனிக் அமிலம் வருடத்துக்கு ஒரே ஒரு ஊசி. இடுப்பு முறிந்தவர்களுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அதில் புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்திருந்தன. சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி, பல் எல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய மருந்து என்பது சரி. ஆனால் முடிவு செய்ய யாராவது எங்களை அந்த மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமே. அம்மாவுக்கு 2019-ல் கிடைத்தது பத்து நாள் கால்சியம் மாத்திரை மட்டும்தான்.

இன்னொன்று. தெருமுனையில் குதிகாலை ஒரு சின்ன இயந்திரத்துக்குள் வைக்கச் சொல்லி "எலும்பு டெஸ்ட்" என்று முகாம் நடத்துகிறார்கள். அதை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. அதை நம்பி, நன்றாக இருக்கிறது என்று திரும்பிப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கேழ்வரகும் எள்ளும் அகத்திக்கீரையும் எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் மாதவிலக்கு நின்ற அடுத்த ஐந்து, ஏழு வருடங்களில் ஒரு பெண் தன் எலும்பு அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கலாம். நம் பெண்களுக்கு அது 46, 47 வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வேகத்தைக் கூழ் மட்டும் தடுத்துவிடாது. சாப்பாட்டைப் பற்றி எங்களுக்கு அறிவுரை நிறையக் கிடைக்கிறது. மணிக்கட்டைப் பற்றிக் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2021-ல் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். 2031-ல் 18.2 சதவீதமாகும் என்பது கணிப்பு. உங்கள் திட்டத்திலேயே இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். விழுந்தவர் வீட்டுக்கு, இரண்டாவது தடவை விழுவதற்கு முன்னால் அவர்களை அனுப்புங்கள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, ராத்திரி எரிய ஒரு சின்ன விளக்கு, தலைசுற்ற வைக்கிற மாத்திரை எது என்று ஒரு பார்வை, காலுக்குப் பலம் தரும் நான்கு பயிற்சிகள். அம்மாவுக்கு இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டு செய்தேன், இடுப்பு முறிந்த பிறகு.

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். வருடத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார். கோலம் போடக் குனிய முடியாது. நான் போடும்போது திண்ணையிலிருந்து புள்ளியை எண்ணிச் சொல்கிறார்.

அம்மாவின் இரண்டு எக்ஸ்ரேக்களும் என் பீரோவில் இருக்கின்றன, 2019-ன் மணிக்கட்டும் 2023-ன் இடுப்பும். தன்னார்வலர் அக்காக்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது சுவரில் மாட்டிக் காட்ட வேண்டுமென்றால் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
தஞ்சாவூர் மாவட்டம்.