தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

பினாங்கிலும் செபராங் பிறையிலும் உள்ள அன்பர்களுக்கு வணக்கம்.

தாத்தாவின் துப்பாக்கி புதுப்பிக்கப்பட்டு 14 மாதங்களுக்குப் பிறகு சென்ற வாரம் வீடு வந்து சேர்ந்தது. உதவிய யாருமே தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் இல்லாமலாவது நன்றி சொல்லிவிட வேண்டும்.

தாத்தா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாராக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவர். நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு மறு ஆண்டு ஊர் திரும்பிய தோட்டத்துத் துரை, உரிமத்தை முறையாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி இது. தொழிலாளர் லயத்து மரவள்ளிக் கொல்லைகளைக் காட்டுப் பன்றிகள் கிளறிப் போட்ட இரவுகளில் தாத்தா இதோடுதான் காவல் நின்றார்.

அப்பா இறந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் அதை வைத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை. உரிமப் பிரிவில் இருந்த அம்மையார், எந்தப் பாரத்தை எப்போது கொடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பட்டறைக்குக் கொண்டுபோகும் அனுமதியும் அவர் வழிகாட்டியதால் கிடைத்ததுதான். அவருக்கு முதல் நன்றி.

அடுத்து, உரிமம் பெற்ற பட்டறையின் பெரியவருக்கு. ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். முன்பு வேறொரு கடையில், குழலைத் தேய்த்துப் பளபளவென்று கறுப்பு ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். பெரியவர் அதைக் கேட்டுப் பதறிவிட்டார். இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் பிடித்துக்கொண்டிருப்பது ஈயப்பற்று. கறுப்பு ஏற்றுவதற்காகக் கொதிக்கும் காரத் தொட்டியில் இறக்கினால் அது கரைந்து, குழல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும் என்றார். அவர் கைக்கொண்டது பழைய வழி: மருந்தை மெல்லப் பூசித் துருப்பிடிக்க விட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்து, துருப்பொடியைத் துடைத்து, மறுநாள் மீண்டும் பூசுவது. நம் ஊர் ஈரக்காற்று இந்த வேலைக்கென்றே வீசுகிறது என்று மகிழ்ந்தார்.

ஆறாம் நாள் என்னை அழைத்துக் காட்டினார். மொட்டையாகக் கிடந்த இரும்பில் கோரைப்பாய் நெளிவுபோல் சுருள் சுருளாகக் கோலம் எழுந்திருந்தது. டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, பட்டையாக அடித்து, கம்பியைச் சுற்றுவதுபோல் சுற்றி, உலையில் பற்றவைத்துச் செய்தது. துரு இரண்டிலும் வேறு வேறு நிறமாக ஏறுவதால் அந்தக் கோலம் தெரிகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் இருந்தும் நாங்கள் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. அங்கேயே கண் கலங்கிவிட்டேன்.

குழலடியில் இருந்த பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைச்சாலை முத்திரைகளை உருப்பெருக்கியில் காட்டி, "இது கரிமருந்துக்கு, அந்தக் காலக் கறுப்பு வெடிமருந்துக்கு, மட்டும் சோதிக்கப்பட்ட குழல், தம்பி. இன்றைய தோட்டாவை இதில் போடவே கூடாது" என்று அடித்துச் சொன்னவரும் அவரே. தாத்தா இதில் எத்தனை முறை சுட்டிருப்பார் என்று நினைத்தால் உடல் நடுங்குகிறது. நயமாகப் பேசிப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பாமல் உண்மையைச் சொன்னாரே, அதற்கு எப்படிக் கைம்மாறு செய்வது?

மரவேலைக்காகப் பட்டறைக்கே வந்து உட்கார்ந்த சீனத் தச்சருக்கும் நன்றி. எண்ணெய் ஊறிக் கறுத்த வால்நட் மரப் பிடிக்கட்டையில் சீமைச்சுண்ணாம்புப் பொடியைக் குழைத்துப் பூசி எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். பள்ளங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டினார். நசுங்கிய மரம் தானாக எழும்பி வந்தது. பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் பல வாரம் தேய்த்தார். தாத்தாவின் கன்னம் பட்டுத் தேய்ந்த இடத்தை மட்டும் அவர் தொடவில்லை. நான் கேட்கவும் இல்லை, அவராகவே விட்டுவிட்டார்.

இனி அது சுடாது. பூட்டிய பெட்டகத்தில் இருக்கிறது. தீபாவளியன்று அதிலிருந்து எடுத்து, 91 வயது அத்தையின் மடியில் வைத்தோம். அவர் அந்தத் தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "அப்பா" என்றார்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
கிராணியாரின் பேரன்,
பட்டர்வொர்த்