கோடை விடுமுறையில் ஒரு மாலையைப் பிள்ளைகளின் கேள்விக்கு விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிவதற்கு முன்பே தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் சாலைகளில் கோடைக்காலப் பயிற்சி வகுப்புகளின் தட்டிகள் முளைத்துவிட்டன. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நீட் தேர்வுக்கான அடித்தள வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டின் கணக்குப் பாடம், எஞ்சிய நேரத்துக்கு அபாகஸும் ஆங்கிலப் பேச்சும் என்று, விடுமுறை என்ற பெயரில் இன்னொரு பள்ளியாண்டு தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டின் முதலிடத்தில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். ரப்பர் பால் வெட்டியும், கொத்தனார் வேலை செய்தும், வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போயும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோரால் வந்த பெருமை அது. அந்த அக்கறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும், பணிக்காலம் முழுவதும் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளிடம்கூட, தாமாகக் கேட்ட கேள்வி என்று ஒன்றும், அந்தக் கேள்வியோடு கூட அலையக் கூட்டாளி என்று ஒருவரும் இல்லாத நிலை வந்துகொண்டிருக்கிறது. இவ்விரண்டும் இல்லாத பிள்ளை படித்து முன்னேறலாம். மகிழ்ச்சியாக வளர்கிறது என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஏப்ரலில் எங்கள் ஊர் வாசகசாலை முற்றத்தில் நடந்ததைச் சொன்னால் நான் கூற வருவது விளங்கும். மார்ச் 21-ஐ ஒட்டி நிலநடுக்கோட்டைக் கடக்கும் சூரியன் நாள்தோறும் சிறிது சிறிதாக வடக்கே நகர்கிறது. தமிழ்நாட்டில் அது முதலில் தலைக்கு நேர் மேலே வருவது தென்கோடியில் இருக்கும் நமக்குத்தான். ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டி, நண்பகல் 12.20 மணியளவில், இங்கே நேராக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. சென்னைக்கு அந்த நாள் வர ஏப்ரல் 24, 25 ஆகிவிடும். செய்தித்தாளின் ஓர் ஓரத்தில் இதைப் படித்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாசகசாலையில் வந்து, இது உண்மையா என்று கேட்டாள். அதை விளக்கிவிடுவது எனக்கு எளிது. விளக்காமல், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லி நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மண் நிரப்பிய பெயிண்ட் வாளியில் நட்டார்கள். குழாய் நேராக நிற்கிறதா என்பதில் தகராறு வந்தது. கொத்தனார் ஒருவரின் மகன் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவின் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து, நூலை உயர்த்திப் பிடித்து, குழாய் ஒரு விரற்கடை சாய்ந்திருப்பதைக் காட்டினான். அதுவரை எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளாமல் இருந்த பையன் அவன். அதன்பிறகு அவனைக் கேட்காமல் யாரும் வாளியைத் தொடவில்லை. 12.10-க்கு மேற்கே நாலு விரல் அளவுக்கு விழுந்திருந்த நிழல், பிள்ளைகள் சாக்பீஸால் கோடு போடப் போடச் சுருங்கி, குழாயின் அடிக்குள் போய் ஒளிந்தது. இரண்டு நிமிடம் கழித்துக் கிழக்கே எட்டிப் பார்த்தது. அந்த இரண்டு நிமிடமும் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அதே நாளில், சென்னையில் இருக்கும் அந்த மாணவியின் சித்தி மகள், அங்குள்ள நண்பகலான 12.10 மணியளவில், மொட்டை மாடியில் ஒரு மீட்டர்க் கம்பு நட்டு நிழலை அளந்து கைபேசியில் அனுப்பியிருந்தாள்: 8.4 சென்டிமீட்டர். இதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி முக்கோணவியல் அட்டவணையைப் புரட்டி, அந்த நிழலுக்கு உரிய கோணம் 4.8 பாகை என்றாள். இங்கே நிழலே இல்லாததால், பூமி என்ற வட்டத்தில் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள கோணமும் அதுவே. சுவரில் தொங்கிய வரைபடத்தில் தெற்கு வடக்காக மட்டும் அளந்தால் இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 535 கிலோமீட்டர் வந்தது. வட்டத்தின் 360 பாகையில் 4.8 எத்தனை முறை அடங்கும்? 75 முறை. அப்படியானால் பூமியின் சுற்றளவு 40,125 கிலோமீட்டர். புத்தகம் சொல்வது ஏறத்தாழ 40,000. விடையைக் கரும்பலகையில் எழுதிய பெண் திரும்பி என்னைப் பார்க்காமல் தன் கூட்டாளிகளைப் பார்த்தாள். ஆசிரியரிடம் ‘சரி’ வாங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு அன்று இருக்கவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் எரத்தோஸ்தனீஸ் இதே வழியில்தான் பூமியை அளந்தார். தெற்கே சையீன் நகரில் நிழல் மறையும் நண்பகலில், அலெக்சாந்திரியாவில் விழும் நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டார். இரு நகரங்களுக்கும் இடையிலான தொலைவை ஐம்பதால் பெருக்கினார். அவர் ஒரு நூலகத்தின் தலைவர் என்பதை நம் நூலகத் துறையினர் கவனிக்க வேண்டுகிறேன்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. தனியாக ஓர் ஊரில் நிற்கும் ஒருவர், எத்தனை அறிவாளியாக இருந்தாலும், அந்த நண்பகலில் நிழல் மறைவதை வியக்கலாமே தவிர இவ்வழியில் பூமியை அளக்க முடியாது. தொலைவில் உள்ள இன்னொருவர் தம் வெயிலில் நின்று, உண்மையான அளவைச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை இவர் நம்ப வேண்டும். ஆவல் ஒருவருக்குள் பிறக்கலாம், ஆனால் அது விடையாவதற்குத் தோழமை வேண்டியிருக்கிறது. பயிற்சி வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் போட்டியாளன். இங்கே அவனில்லாமல் வேலை நடக்காது.

ஆய்வுகளும் இதற்கு அரண் செய்கின்றன. 2014-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபர், சரண் ரங்கநாத் முதலியோர், ஆவலைத் தூண்டும் வினாக்களைக் கொடுத்து, விடைக்காகக் காத்திருக்கும் சில வினாடிகளில் வினாவோடு தொடர்பில்லாத மனித முகங்களைக் காட்டினார்கள். ஆவல் மிகுந்திருந்த வேளையில் பார்த்த முகங்கள் பின்னர் நன்றாக நினைவில் நின்றன. விடையைத் தெரிந்துகொள்ளத் துடிக்கும் மனம் அருகில் கிடப்பதையும் சேர்த்து வாரிக்கொள்கிறது. இது தெரியாமலா மனப்பாடத்துக்கு இவ்வளவு கட்டணம் கட்டுகிறோம்? நட்பைப் பொறுத்தவரை, 1938-இல் தொடங்கித் தலைமுறை தாண்டி நடந்துவரும் ஹார்வர்டு ஆய்வு, ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பதில் அதிக நலத்தோடு இருந்தார்கள் என்றும், இரத்தத்தின் கொழுப்பளவைவிட அதுவே நம்பகமான அறிகுறியாக இருந்தது என்றும் தெரிவிக்கிறது. ஐம்பதில் நட்பு நிலைக்க வேண்டுமானால் பழகும் வழக்கம் பன்னிரண்டில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. அதை ஆய்வின் தலையில் சுமத்த மாட்டேன்.

நம் மாவட்டத்துக்கு இது இன்னும் ஒரு காரணத்தால் தேவைப்படுகிறது. கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் ஒருபுறமும் உள்நாட்டு ஊர்களின் பிள்ளைகள் மறுபுறமுமாக, வெவ்வேறு பள்ளி வாகனங்களில் ஏறி வெவ்வேறு வளாகங்களில் இறங்கி, நாலு கிலோமீட்டர் இடைவெளியில் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்துவிடுகிறார்கள். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நல்லிணக்கக் கூட்டங்கள் பலவற்றில் பொன்னாடை போர்த்தப்பட்டிருக்கிறேன். அவற்றால் யாருக்கேனும் நண்பர் கிடைத்ததாக நினைவில்லை. ஆனால் நிழல் அளந்த கூட்டத்துக்கு அடுத்த வாரம் கடற்கரையிலிருந்து ஒரு பையன் வந்தான். இரவில் தொழிலுக்குப் போகும் அப்பா எந்த நட்சத்திரம் எங்கே நிற்பதைப் பார்த்து நேரம் சொல்வார் என்பதை அவன் சொன்னபோது, விளைகளின் தென்னை மறைப்பில் வளர்ந்த பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். மே மாத இரவு ஒன்பது மணியளவில் நம் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், அடிவானத்துக்குச் சற்று மேலே தென்சிலுவை விண்மீன்கள் தெரியும். டெல்லியில் இருப்பவர்கள் அதை நன்றாகப் பார்க்க முடியாது. அதைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று அவன் அழைத்திருக்கிறான். எட்டுப் பேர் போகிறார்கள். பெற்றோர் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

கனவைப் பற்றியும் ஒரு சொல். சரக்கல்விளையில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த கே. சிவன் இஸ்ரோவின் தலைவரானார். மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் 2025 ஜனவரியில் அப்பொறுப்பை ஏற்றார். இருவரையும் எடுத்துக்காட்டித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளைப் பயிற்சி வகுப்புக்கு விரட்டுகிறோம். பதவியைக் காட்டுகிறோம், ராக்கெட் ஏன் மேலே போகிறது என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. பெற்றோர் கொடுக்கும் கனவு பிள்ளைக்குக் கடனாகத் தோன்றுகிறது. நண்பர்கள் கூடிக் கட்டும் கனவு, அது சிறியதாகவே இருக்கட்டும், அவர்களைக் காலையில் யாரும் எழுப்பாமலே எழ வைக்கிறது.

இதற்குப் புதிய திட்டமோ கட்டடமோ வேண்டாம். இம்மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. அங்கே 1945-இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டிக் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். அந்த இயக்கத்தின் காற்று வீசிய மண் இது. இன்றும் வாசகசாலை, படிப்பகம் என்ற பலகை இல்லாத ஊர் குறைவு. பலவற்றில் நாளிதழும் கேரம்போர்டும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன என்பது வேறு செய்தி. அரசு நூலகங்களுக்கோ 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்ற அமைப்பும் உண்டு. அந்த வாசகர் வட்டம் வாரத்தில் ஒரு மாலை, ஐந்து முதல் ஏழு மணிவரை, பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மேசையையும் சுவரையும் விட்டுக்கொடுத்தால் போதும். என்ன கேள்வி என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். தேரூர்க் குளத்துக்கு எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்பதாக இருக்கலாம். மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் மேல் தண்ணீர் எப்படித் தானாக ஓடுகிறது என்பதாக இருக்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும், கேட்டால் மட்டும் பேசட்டும்.

மாவட்ட நூலக அலுவலரிடமும் பள்ளிக் கல்வித் துறையிடமும் ஒரே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இதைப் போட்டியாக்கிவிடாதீர்கள். முதல் பரிசு, கோப்பை, சான்றிதழ் என்று அறிவித்த மறுநாளே இதற்கும் பயிற்சி வகுப்பு தொடங்கிவிடும். பெற்றோரிடம் கேட்பது இன்னும் குறைவு. வாரத்தில் ஒரு மாலை பிள்ளை என்ன செய்துவிட்டு வந்தது என்று விசாரிக்காமல், என்ன பார்த்தது என்று மட்டும் கேளுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது புதிதாக ஒரு ஆசை பிறந்திருக்கிறது. தெற்கு நோக்கித் திரும்பும் சூரியன் செப்டம்பர் 1, 2 தேதிகளை ஒட்டி மறுபடியும் நம் தலைக்கு மேலே வரும்; மேகம் மட்டும் மனது வைக்க வேண்டும். கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் ஆண்டில் ஒருநாளும் நிழல் மறையாத காஷ்மீரின் ஸ்ரீநகரில், அந்த நாளில் ஒரு மீட்டர்க் கம்பின் நிழல் ஏறத்தாழ அரை மீட்டர் விழும். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை என்று மேடையில் பேசக் கேட்ட தூரத்தை ஒரு குழாயாலும் ஒரு நண்பராலும் அளக்க வேண்டும் என்கிறார்கள். நம் மாவட்டத்திலிருந்து இராணுவத்திலும் எல்லைக் காவல் படைகளிலும் பணிபுரிவோர் பலர். தங்கள் வாசகர்களில் அங்கே பணியில் இருப்பவரோ, அங்குள்ள பள்ளி ஆசிரியரை அறிந்தவரோ இருந்தால், தங்கள் நாளிதழின் வழியாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். அவர்கள் அளக்க வேண்டிய நேரம் நண்பகல் 12.30 மணியளவில், குழாயின் நீளம் சரியாக ஒரு மீட்டர், தூக்குக்குண்டு அவசியம் என்று எங்கள் கொத்தனார் மகன் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தக்கலை வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.