சங்க நோட்டும் மேய்ப்பனின் கோலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு பேராயரின் (பிஷப்பின்) கீழுள்ள திருமண்டலத்தின் தேர்தல், ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சேகரத்தின் கமிட்டித் தகராறு, சபைச் சொத்து வழக்கு என்று தென் மாவட்டக் கிறிஸ்தவச் சபைகளைப் பற்றி உங்கள் இதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். குருவானவர்களுக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு என்று வாசகர்கள் பலர் கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் அதிகாரத்தைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைத்த ஒரு பாட்டி இறந்துபோனார். நல்ல மழை. அடக்க ஆராதனைக்குச் சொல்ல அவருடைய மகனோடு நானும் குருவானவர் குடியிருக்கும் குருமனைக்குப் போனேன். மேஜையின் மேல், சபையார் மாதந்தோறும் கட்டும் சங்கக் காணிக்கையின் நோட்டு விரிந்து கிடந்தது. பாட்டியின் பெயருக்கு நேரே கட்டங்கள் வெறுமையாக இருந்தன. குருவானவர் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். முப்பது மாதம். “இதை முடித்துவிட்டு வாருங்கள், மணியடிக்கச் சொல்கிறேன்” என்றார். சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு அந்தப் பையன் நாலு வீடு ஏறி இறங்கிப் பணம் புரட்டி வந்தான். ரசீதைக் கிழித்துக் கொடுத்த பிறகுதான் துக்க மணி அடித்தது. சனிக்கிழமைதோறும் அந்த ஆலயத்தைப் பெருக்கியவர் அந்தப் பாட்டி. படுக்கையில் கிடந்த ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூட அவருக்கு அப்பமும் ரசமுமான திருவிருந்து வீடு தேடி வரவில்லை.

அதே வருடம், கமிட்டியில் செல்வாக்குள்ள ஒருவருடைய மகன் வேறு சாதிப் பெண்ணை மணக்க முன்வந்தான். இருவரும் சபையார்தான். தகப்பனார் கண்ணைக் காட்டியதும், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய திருமண அறிவிப்பு ஒரு ஞாயிறுகூட வாசிக்கப்படவில்லை. ஏழை வீட்டுப் பிணத்துக்கு முன்னால் அவ்வளவு நிமிர்ந்து நின்ற அதிகாரம், பணக்காரரின் முன்னால் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

பைபிளில், கொரிந்து சபைக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுல், கர்த்தர் தமக்குக் கொடுத்த அதிகாரம் “இடித்துப்போடவல்ல, ஊன்றக்கட்டவே” என்கிறார். பலவீனமான ஆட்டைப் பலப்படுத்தவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை, ஆனால் கடூரமாய் ஆண்டீர்கள் என்று இஸ்ரவேலின் மேய்ப்பர்களை எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் வெளுத்து வாங்குகிறது. கோல் ஓநாயை விரட்டத்தான். ஆட்டை அடிக்க யாரும் அதைக் கொடுக்கவில்லை.

அந்தக் கோல் ஓங்கப்பட வேண்டிய இடத்தில் ஓங்கப்பட்டதும் உண்டு. தமிழ்ச் சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியே உட்காருவதும், திருவிருந்துக்கு முன்னும் பின்னுமாகப் போவதும் வழக்கமாக இருந்த காலத்தில், 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அந்த வேற்றுமையை உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நிருபம் (கடிதம்) அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பலர் சபையைவிட்டே போனார்கள். அவர் உத்தரவைத் திரும்பப் பெறவில்லை. அதனால் சபைக்குள் சாதி ஒழிந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். குருத்துவ அதிகாரம் இல்லாமல், அன்றைய பெரும்பான்மையின் கையில் மட்டும் முடிவை விட்டிருந்தால் அந்த நிருபம் எழுதப்பட்டே இருக்காது. அதிகாரத்தைக் குறைக்க நான் தயங்குவது இதனால்தான்.

என் சிறுவயதில் இருந்த ஐயரை (குருவானவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) நினைத்துக்கொள்கிறேன். சைக்கிள் கேரியரில் சின்ன மரப்பெட்டி, அதற்குள் திருவிருந்துப் பாத்திரம். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் அதட்டினால் ஊர்ப் பெரியவர்களும் அடங்கிப்போவார்கள்.

வரும் மே மாதம் எங்கள் சேகரத்துக்குப் புதிய குருவானவர் வருகிறார். சபையில் படுக்கையோடு இருப்பவர்களின் பெயர்களைத் தெருவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். பதினொரு பேர். கமிட்டியார் சங்க நோட்டை நீட்டுவதற்கு முன்னால் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்