சுரங்கக்காரன் பேரன்

ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்,
மார்ச் 1973

அன்பு மகளுக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. உன் கடிதமும் பையனின் போட்டோவும் வந்து சேர்ந்தன. போட்டோவை அம்மா சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் ‘என் குடும்பம்’ என்று அவனைக் கட்டுரை எழுதச் சொன்னதாகவும், ‘எங்கள் தாத்தா தங்கச் சுரங்கத்தில் ஆபீசர்’ என்று நீ சொல்லிக்கொடுத்ததாகவும் எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் இல்லை. பிலாய் குவார்ட்டர்ஸில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், தெரியும். ஆனாலும் அந்த வரியை நீ மாற்ற வேண்டும். நான் பட்டறையில் ஃபிட்டர். என் நைனா பூமிக்குள் இறங்கிப் பாறையில் துளை போட்டவர். என் தாத்தா பண்ணையாள். அவன் யார் பேரன் என்பது அவனுக்குச் சரியாகத் தெரியட்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தாத்தா வட ஆற்காட்டில் ஆம்பூர்ப் பக்கம். நிலம் கிடையாது. கடன்தான் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது. சுரங்கத்துக்கு ஆள் பிடிக்க ஒரு மேஸ்திரி வந்து கையில் முன்பணம் கொடுத்தார். தாத்தா அதில் பாதியைக் கடனுக்குக் கட்டிவிட்டு, பாட்டியையும் கைக்குழந்தையாக இருந்த என் நைனாவையும் அழைத்துக்கொண்டு ரயில் ஏறினார். இங்கே தங்கவயலில் இருக்கிற மாரிக்குப்பத்துக்கு ரயில் 1894-ல்தான் வந்தது. இவர்கள் வந்தது அதற்கு முன்னால். இன்று பங்காருப்பேட்டை என்கிறோமே, அந்தப் பௌரிங்பேட்டையில் இறங்கி, தலையில் மூட்டையோடு நடந்தார்கள். இந்த மேட்டு நிலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி. கீழே வெயிலில் கிடந்தவர்களுக்கு முதல் மார்கழிக் குளிர் தாங்கவில்லை, கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தோம் என்று பாட்டி சொல்லும். ஆனாலும் திரும்பிப் போகலாம் என்று தாத்தா ஒரு நாளும் சொன்னதில்லை. இங்கே வந்த பிறகு வாங்கிய செருப்பை அவர் கிழிய விட்டதே இல்லை, தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார்.

நான் பிறந்தது 1909-ல், மாரிக்குப்பம் லைனில், அதாவது தொழிலாளர் குடிசை வரிசையில், ஒரு தட்டி வீட்டில். மூங்கில் தட்டிதான் சுவர். பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினால் எங்கள் அம்மா எழுந்து உட்காரும். ஒரே அறை. அதில்தான் அடுப்பு, அதில்தான் ஏழு பேர் தூக்கம். கம்பெனி கட்டிக்கொடுத்த குடிசை, வாடகை சம்பளத்தில் பிடித்தம்.

தங்கவயலுக்கு மின்சாரம் 1902-லேயே வந்துவிட்டது. பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்ததே 1905-ல்தான். சிவனசமுத்திரத்தில் காவிரி விழுகிற இடத்தில் மின்சாரம் எடுத்து, 92 மைல் கம்பி இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள். உலகத்திலேயே அவ்வளவு தூரம் மின்சாரம் போன இடங்கள் அன்று மிகக் குறைவு. பையன் படிப்பது எஃகு ஆலை ஊரில், இது அவனுக்குப் பிடிக்கும், அவசியம் சொல். அதோடு இதையும் சொல். அந்த மின்சாரம் பூமிக்குள் இறங்குகிற குழியான சாஃப்டுக்குப் போயிற்று, மில்லுக்குப் போயிற்று, துரைமார் பங்களாவுக்குப் போயிற்று. நான் படித்ததெல்லாம் சிம்னி விளக்கில். திரி கருகினால் மூக்குக்குள் கரி படியும்.

மில் என்றால் துணி மில் இல்லை. உள்ளேயிருந்து வருகிற கல்லை இரும்பு உலக்கைகள் வரிசையாக இடித்து மாவாக்கும். இரவு பகல் ஓயாது. அந்தச் சத்தத்தை மீறித்தான் பேச வேண்டும். மாரிக்குப்பத்துக்காரன் ஏன் எப்போதும் கத்துகிறான் என்று ராபர்ட்சன்பேட்டையில் கேட்பார்கள். உன் பெரியத்தை கல்யாண வீட்டில் பேசினால் தெருவே திரும்பிப் பார்க்குமே, அதற்குக் காரணம் இதுதான்.

இடித்த மாவை நீரோடு, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தப்பியதை சயனைடு கரைசலில் கரைத்து எடுப்பார்கள். மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டானவைதான் நீ சின்ன வயதில் பார்த்த சயனைடு மேடுகள். எனக்கு விவரம் தெரியத் தொடங்கியபோதே அவை குன்று அளவு இருந்தன. தகரத்தை உட்காரும் பலகையாக்கிக்கொண்டு சறுக்குவோம். வீட்டில் தெரிந்தால் விளக்குமாறு பிய்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் காற்று எழும்பினால் அந்த மண் வீடு முழுக்க வந்து இறங்கும். களி கிளறும்போது சட்டியை மூடியே கிளறுவாள் அம்மா. அப்படியும் முதல் உருண்டையைக் கடித்தால் பல்லில் நறநறக்கும்.

நைனாவைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது. காலை ஷிஃப்ட் என்றால் இருட்டிலேயே சங்கு ஊதும். தூக்குச்சட்டியில் கூழ், ஒரு துண்டு சுட்ட கருவாடு. டைம் ஆபீசில் டோக்கன் வாங்கிக்கொண்டு, ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜில் நின்றால் கீழே. உள்ளே போகப்போகப் பாறை சுடும். கோவணத்தோடுதான் வேலை செய்வார்கள். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் சோதனை. வாயைத் திறக்கச் சொல்வார்கள், முடியைக் கோதிப் பார்ப்பார்கள், துணியை அவிழ்த்து உதறச் சொல்வார்கள். தங்கத்தை ஒளித்து வந்துவிடுவானாம். நைனா தினமும் அதற்கு நின்றார். வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேசாமல் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார். அதற்கப்புறம்தான் எங்களைக் கூப்பிடுவார். பட்டறையில் சேர்ந்த பிறகு நானும் ஒரு முறை அந்த வரிசையில் நிற்க வேண்டி வந்தது. அவர் முதலில் ஏன் தண்ணீர் ஊற்றிக்கொண்டார் என்று அன்று புரிந்தது.

பாறை வெடிப்பு ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். கீழே தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை, மேலேயிருக்கிற பாரம் தாங்காமல் திடீரென்று சிதறும். எனக்குப் பத்து வயது இருக்கும். மத்தியானம், அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து ஒலித்தன. அப்புறம்தான் தரை குலுங்கியது. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். லைனிலிருந்த பெண்கள் எல்லோரும் சாஃப்ட் பக்கம் ஓடினார்கள், ஒருத்தி வாய் திறக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து டோக்கன்கள் திரும்பி வரவர, அவற்றைப் பலகையில் மாட்டினார்கள். காலியாக இருக்கிற ஆணிகளைத்தான் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நைனாவின் டோக்கன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரருடையது வரவில்லை. அம்மா அன்று நைனாவோடு வீட்டுக்கு வரவில்லை. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை அங்கேயே இருந்தாள்.

நைனாவுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவரைக் கொண்டுபோனது கல் தூசி. துளை போடும்போது பறக்கிற தூசி நுரையீரலில் படிந்து, கடைசியில் நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். காசம் என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினார்கள். நாற்பது வயது கூட முழுதாக ஆகவில்லை.

சரி, துக்கத்தை மட்டும் எழுதினால் ஊரைப் பொய்யாகக் காட்டியதாகிவிடும். பையன் மனதில் நிற்க வேண்டியது சங்கம். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பகலில் பூமிக்குள் இருந்தவர்கள் இரவில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். பண்டிதர் 1907-ல் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகையின் பழைய இதழ்களை ஒருவர் உரக்கப் படிப்பார். பண்டிதர் 1914-லேயே இறந்துவிட்டார், ஆனால் அந்த இதழ்கள் கை மாறிக்கொண்டே இருந்தன. எழுத்துத் தெரியாத நைனா அதில் பாதியை மனப்பாடமாகச் சொல்வார். சாதி ஆதியில் இல்லை, நாம் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள் என்று அவர் சொல்லும்போது, சோதனை வரிசையில் நின்ற மனிதரா இவர் என்று இருக்கும். எனக்கு எழுத்தறிவித்ததும் அங்கே நடந்த இராப் பாடம்தான். ஒரு நாள் வாசிப்பவர் வரவில்லை, நைனா என்னை எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொன்னார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன், கூட்டம் பொறுமையாகக் கேட்டது. 1926-லிருந்து நம் சங்கத்து அப்பாதுரையார் அதே ‘தமிழ’னை இந்த ஊரிலிருந்தே நடத்தினார். சுரங்கக் கூலிகள் ஊரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை! நான் சந்தா கட்டியவன். இதழ்களை உன் அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

1930-ல், தொழிலாளிகள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. கைரேகை எடுப்பது திருடனிடம். ஊர் முழுக்க வேலையை நிறுத்தியது. எனக்கு இருபத்தொரு வயது. தலைவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது, ஒரு லைனிலிருந்து அடுத்த லைனுக்குச் செய்தி போயிற்று, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூட, ‘பேர் சொல்கிறேன், எழுதிக்கொள், ரேகை தர மாட்டேன்’ என்றார்கள். அந்த நாட்களில்தான் மில் நின்று பார்த்தேன். என் வாழ்நாளில் முதல் முறையாக, மாரிக்குப்பத்தில் காக்கை கரைவது தெளிவாகக் கேட்டது.

இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த துரைமார்களின் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதை நான் எழுதத் தேவையில்லை.

கட்டுரையில் என்ன எழுதலாம் என்றால், ‘என் தாத்தா ஃபிட்டர், அவருடைய அப்பா தங்கச் சுரங்கத் தொழிலாளி’ என்று எழுதட்டும். இன்னும் வேண்டுமென்றால், 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏழாயிரம் அடிக்கும் கீழே கருவி வைத்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்கிற நுண்துகளைப் பம்பாய் விஞ்ஞானிகள் வெளிநாட்டாரோடு சேர்ந்து கண்டுபிடித்ததையும் சேர்த்துக்கொள்ளட்டும். அவ்வளவு ஆழத்துக்கு வழி வெட்டிக்கொடுத்தவர்கள் நம் ஆட்கள். டீச்சர் ஏதாவது கேட்டால் எனக்கு எழுதச் சொல், நானே பதில் போடுகிறேன்.

மே விடுமுறைக்கு வருகிறீர்கள் அல்லவா? மதராஸில் பெங்களூர் வண்டி பிடித்து பங்காருப்பேட்டையில் இறங்கினால் மாரிக்குப்பம் வண்டி நிற்கும். எந்த வண்டி என்று முன்கூட்டியே எழுது, நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். லைன் இருந்த இடம், சங்கம், எல்லாம் அவனை நடத்தியே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும், அதனால் நல்ல செருப்பாக வாங்கிக்கொடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும், அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் நைனா