பப்பாளியில் வெள்ளைப் பஞ்சு: செடி வாங்குவோர் கவனத்திற்கு

மாடித்தோட்டக் குழு நண்பர்களுக்கு வணக்கம். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் இரண்டு மூன்று வீடுகளில் பப்பாளி இலையின் அடியில் பஞ்சு ஒட்டியது போல இருப்பதாகப் படம் அனுப்பியிருந்தீர்கள். அது பப்பாளி மாவுப்பூச்சிதான்.

நம் ஊர்ப் பூச்சி இல்லை இது. பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. இந்தியாவில் முதலில் தென்பட்டது 2008இல், கோயம்புத்தூரில். அப்புறம் மல்பெரி, மரவள்ளி, கொய்யா, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிடும். அதனால் தயவுசெய்து எடுத்தவுடன் கடை மருந்தை அடிக்காதீர்கள், குளவிதான் முதலில் சாகும்.

தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மோசமான இலைகளை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளித்தால் போதும். எறும்பையும் கவனியுங்கள், பூச்சிக்குக் காவலாள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை செடி பரிமாற்றத்துக்குக் கொண்டுவரும் தொட்டிகளை இலை திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள். சந்தேகம் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.