செயலாளரின் ஆண்டறிக்கை – 2023

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இப்பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக நமது சங்கம் 2023ஆம் ஆண்டில் ஆற்றிய பணிகளை உங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

பொங்கல் விழாவும் சித்திரைப் புத்தாண்டு விழாவும் வழக்கம்போல் வாடகை மண்டபத்தில் நடைபெற்றன. கோடை ஒன்றுகூடல் கூலிட்ஜ் பூங்காவில் ஆற்றைப் பார்த்த புல்வெளியில் நடந்தது. தீபாவளி விருந்துக்குத்தான் ஆண்டிலேயே அதிகமானோர் வந்திருந்தனர்.

சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி தொடங்கப்பட்ட, இவ்வூரின் வரலாற்று இடங்களை நடந்து பார்க்கும் நகர நடைகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியது என் கடமை. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் நாம் அனைவரும் அவர்களை லுக்அவுட் மலைக்குத்தான் அழைத்துச் செல்கிறோம். 1895 முதல் ஓடும் மலை ரயில், ராக் சிட்டி என்னும் பாறைத் தோட்டம், மலையின் வயிற்றுக்குள் 145 அடி உயரத்திலிருந்து விழும் ரூபி அருவி ஆகியவற்றைக் காட்டி முடித்ததும் இந்நகரம் நமக்கு முடிந்துவிடுகிறது. அவை காணத்தக்க இடங்களே. ஆயினும், இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கும் நம் பிள்ளைகள், தாம் வாழும் ஊரை விருந்தினர் அளவுக்கு மட்டுமே அறிந்திருப்பது சரியன்று என்பதே அத்தீர்மானத்தின் அடிப்படை.

முதல் நடை மீன்காட்சியகத்தில் தொடங்கியது. 1969இல் அமெரிக்காவிலேயே மிக மாசடைந்த காற்றுள்ள நகரம் என்று பெயர் வாங்கிய இவ்வூர், தன் ஆற்றங்கரையை மீட்டெடுக்கும் முயற்சியின் நடுநாயகமாக 1992இல் அக்காட்சியகத்தைத் திறந்தது. அங்கிருந்து சில அடி தூரத்தில் ராஸ் துறை உள்ளது. பிற்காலத்தில் அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் தலைவரான ஜான் ராஸ் 1816இல் வணிகப் படகுத்துறையாக நிறுவிய அதே இடத்திலிருந்துதான், 1838இல் அம்மக்கள் தம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் படகுகளில் மேற்கே அனுப்பப்பட்டனர். இன்று அங்கே படிகளில் நீர் வழிந்து ஆற்றை நோக்கி இறங்குகிறது. சுவரில் செரோக்கிக் கலைஞர்கள் செய்த ஏழு பெரிய சுடுமண் வட்டுகள் உள்ளன. கோடைதோறும் நம் பிள்ளைகள் விளையாடும் அந்த நீர் ஒரு நினைவிடத்தின் பகுதி என்பதை வந்திருந்த பெற்றோரில் பலர் அன்றுதான் அறிந்தனர்.

இரண்டாம் நடை வால்நட் தெருப் பாலத்தில். 1978இல் வாகனங்களுக்கு மூடப்பட்டு, இடிக்கப்படாமல் காப்பாற்றப்பட்டு, 1993இல் நடைபாலமாகத் திறக்கப்பட்ட அதில் நாம் மாலைதோறும் காற்று வாங்குகிறோம். 1906 மார்ச் 19 அன்று எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரை, அவரது மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்த நிலையிலேயே, ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து இந்தப் பாலத்தில்தான் தூக்கிலிட்டது. அதைத் தடுக்கத் தவறிய மாவட்டக் காவல் தலைவரான ஷெரீப் ஷிப்பும் வேறு சிலரும் நீதிமன்ற அவமதிப்புக்காக 1909இல் தண்டிக்கப்பட்டனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தானே நடத்திய ஒரே குற்றவியல் விசாரணை அது. 2021இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் ஜான்சனுடன் அவருக்காக வாதாடிய நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் ஆகியோரின் சிலைகளும் நிற்கின்றன. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று சிலர் தயங்கினர். பதின்பருவப் பிள்ளைகளோ அங்கிருந்து நகரவே மனமின்றிக் கேள்விகள் கேட்டனர்.

மூன்றாம் நடைதான் என் வருத்தத்துக்குக் காரணம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல் மரபான ப்ளூஸ் இசையின் பேரரசி எனப் போற்றப்படும் பெஸ்ஸி ஸ்மித் இவ்வூரில் 1894இல் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, இத்தெருக்களில் காசுக்காகப் பாடி வளர்ந்தவர். அவருடைய முதல் இசைத்தட்டு 1923இல் வெளிவந்து இவ்வாண்டுடன் நூறாண்டு நிறைவதால், அவர் பெயரிலுள்ள பண்பாட்டு மையத்துக்குச் செல்ல ஏற்பாடு செய்தோம். வருவதாக உறுதியளித்த குடும்பங்களில் பாதிக்கும் மேல் வரவில்லை. முன்கூட்டியே ஒரு சொல் தெரிவித்தவர்களும் சிலரே. நுழைவுக் கட்டணத்தை முன்பணமாகச் செலுத்தியது சங்கம். நவராத்திரிக் கச்சேரிக்கு ஊர் மக்கள் வருவதில்லையே என்று செயற்குழுவில் குறைபட்டவர்கள் நம்மிடையே உண்டு. ஊர் மக்களின் பாட்டைக் கேட்க நாம் போகாமல் நம் பாட்டைக் கேட்க அவர்களை எப்படி அழைப்பது என்பதை உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகின. விரிவான கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நடைகளால் சங்கப் பணம் கரைந்தது என்று வெளியே பேசப்படுவதாக அறிகிறேன். உண்மையில் செலவின் பெரும்பகுதி மண்டப வாடகையும் விருந்துமே. கணிசமான குடும்பங்களின் ஆண்டுச் சந்தா இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகும் நிலுவையில் உள்ளது. அவர்களில் பலர் தீபாவளிப் பந்தியில் குடும்பத்தோடு அமர்ந்தவர்கள் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், சமையல் பொறுப்பேற்ற சகோதரிகளுக்கும், மண்டபத்தைத் துப்புரவு செய்து தந்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் சிக்கமாகா போர்க்களத்துக்கும் ஹண்டர் கலைக்கூடத்துக்கும் செல்லத் திட்டம் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863ஆம் ஆண்டுச் சண்டை நடந்த அக்களம், 1890இல் இந்நாட்டின் முதல் தேசியப் போர்ப் பூங்காவில் சேர்க்கப்பட்டது. அரை நாளாவது நடந்து பார்க்க வேண்டிய பரப்பு. இத்திட்டம் நிறைவேறுவது சந்தா வசூலையும், உறுதியளித்தபடி வருவோரையும் பொறுத்தது. செயலாளர் பதவிக்கு இதுவரை வேறு எவரும் பெயர் தரவில்லை. நடைகளைத் தொடர விருப்பமுள்ள ஒருவர் முன்வந்தால் வழித்தடக் குறிப்புகள் அனைத்தையும் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். என்னையே தொடரச் சொல்வதாயின், மூன்று பேர் கொண்ட துணைக்குழு ஒன்றை இன்றே, இந்தக் கூட்டம் கலைவதற்குள், அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சந்தாவைப் பொருளாளரிடம் இன்றே செலுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்